எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு மெக்கானிக்கல் சந்தேகம்

சென்னையில் சமர்த்தாக ஓடிக்கொண்டிருந்த என் நைட்ரோ ஆர்.சி. கார், எலெக்ட்ரானிக் சிட்டிக்குக் குடிவந்ததிலிருந்து புகையாகக் கக்குகிறது. த்ராட்டில் கொடுத்தால் இருமுகிறது. ஊர் ஒத்துக்கொள்ளவில்லையா?
(நீலாத்ரி ரோடு வாசகர்)

ஒத்துக்கொள்ளவில்லைதான். நீங்கள் ஜிலுஜிலுவென்று அனுபவிக்கிற காற்று அதற்குப் பத்தவில்லை. சென்னை கடலோரம், பெங்களூரு 900 மீட்டருக்கும் மேலே. காற்றழுத்தம் இங்கே ஏறக்குறைய 10 சதவீதம் குறைவு. கார்புரேட்டரோ சென்னைக் கணக்கிலேயே எரிபொருளை ஊற்றிக்கொண்டிருக்கிறது. மிக்சர் ரிச் ஆகாமல் என்ன செய்யும்?

முதலில் ஒரு டாங்க் அளவாவது ஓட்டி இன்ஜினைச் சூடாக்குங்கள். ஆறிப்போன இன்ஜினில் செய்கிற ட்யூனிங் வீண்வேலை. பிறகு ஹை ஸ்பீடு நீடிலை வலப்பக்கமாக, கடிகாரத்தில் மணி முள் ஒரு மணியிலிருந்து அடுத்ததற்குப் போகிற அளவு மட்டும் திருகுங்கள். ஒரு சுற்றில் பன்னிரண்டில் ஒரு பங்கு. கை துறுதுறுவென்றாலும் உடனே அடுத்த திருகு வேண்டாம். நேர் பாதையில் நாலைந்து தடவை முழு வேகத்தில் விரட்டிப் பாருங்கள். இழுவை கூட வேண்டும். பைப்பிலிருந்து மெல்லிய வெண்புகைக் கோடும் தொடர்ந்து வர வேண்டும். புகை கட்டோடு நின்றால் எல்லை தாண்டிவிட்டீர்கள், பின்னால் வாருங்கள். இது சரியாகும்வரை லோ ஸ்பீடு நீடில் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள்.

பொங்கலுக்குக் காரோடு சென்னை போனால், ஓட்டுவதற்கு முன்பே நீடிலைத் திறந்துவிடுங்கள். மலையேறி வந்தால் புகையோடு போயிற்று. இந்த செட்டிங்கோடு கீழே இறங்கினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

ஓசூரில் ஆர்.எக்ஸ். 100 பைக்குகளைக் காதாலேயே ட்யூன் செய்கிற மெக்கானிக் அண்ணன், "ரிச் பண்ணித் தர்றேன்" என்று ஸ்க்ரூவை உள்ளே திருகினார். இன்ஜின் அலறி அணைந்தது. அண்ணன் கை ராசி போய்விட்டதா?
(பொம்மசந்திரா வாசகர்)

ராசிக்கு ஒன்றும் ஆகவில்லை, திசைதான் தகராறு. ஆர்.எக்ஸ். 100-இல் அவர் திருகிப் பழகியது ஏர் ஸ்க்ரூ. உள்ளே போனால் காற்று குறையும், மிக்சர் ரிச் ஆகும். உங்கள் காரில் இருப்பது எரிபொருளின் ஊசி. உள்ளே போனால் எரிபொருள் குறையும், லீன் ஆகும். அண்ணனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து இதைச் சொல்லுங்கள். காது மட்டும் அவருடையதாகவே இருக்கட்டும்.

லீன் வைத்தால்தானே சார் பறக்கிறது? அதிலென்ன தப்பு?
(ஹெப்பகோடி வாசகர்)

அணையப்போகிற விளக்கும் பிரகாசமாகத்தான் எரியும். இந்த இன்ஜினுக்குத் தனி ஆயில் சம்ப் கிடையாது. மெத்தனால், நைட்ரோமீத்தேன், ஆயில் மூன்றும் ஒரே கலவை. எரிபொருளைக் குறைத்தால் ஆயிலையும் குறைத்தீர்கள்.

எவ்வளவு சூடு வரை பயப்படாமல் இருக்கலாம்?
(அனந்த் நகர் வாசகர்)

பிளக் அருகே இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரைக் காட்டினால் பொதுவாக 95 முதல் 120 டிகிரி. கருவி இல்லாதவர்கள் ஹெட் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுவார்கள். மூன்று நான்கு விநாடி கொதித்து மறைந்தால் சுபம். விழுந்ததுமே சுர்ரென்று காணாமல் போனால் சூடு அதிகம். சும்மா உட்கார்ந்திருந்தால் இன்னும் ரிச். ஒரு எச்சரிக்கை: நம் உயரத்தில் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். டிசம்பர் காலையும் ஏப்ரல் மதியமும் ஒரே எண்ணைக் காட்டாது. எண் சாட்சிதான், தீர்ப்பு புகையும் இழுவையும் சொல்வது.

சில்க் போர்டு சிக்னல்போல் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் ஐட்லிங்கில் நிற்கிறது. புறப்படச் சொன்னால் அணைந்துவிடுகிறது.
(தொட்டதோகூர் வாசகர்)

இப்போது லோ ஸ்பீடு நீடிலின் முறை. ஐட்லிங்கில் விட்டு, கார்புரேட்டரை ஒட்டி எரிபொருள் டியூபை விரலால் நசுக்குங்கள். மூன்று விநாடி போல ஓடி, சுருதி லேசாக ஏறி அணைந்தால் சரி. நசுக்கியதுமே செத்தால் லீன். கச்சேரியை நீட்டிக்கொண்டே போனால் ரிச். சரிசெய்த பிறகு ஐட்லிங் ஏறியிருக்கும், அதைக் கடைசியில் ஐடில் ஸ்க்ரூவில் இறக்குங்கள்.

எல்லா ஸ்க்ரூவையும் திருகியாயிற்று. கன்ட்ரோல்-இசட் உண்டா?
(ஐ.டி. வாசகர், ஃபேஸ் 1)

உண்டு. முழுக்க மூடிய நிலையிலிருந்து எத்தனை சுற்று திறக்க வேண்டும் என்று மேனுவலில் இருக்கும். மூடும்போது தட்டுப்பட்டதும் நிறுத்துங்கள், இறுக்கினால் ஊசி முனை கெடும். மூன்று வேரியபிளை ஒரே நேரத்தில் மாற்றிவிட்டு பக் எங்கே என்று தேடுகிற பழக்கத்தை ஆபீஸிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

பெட்ரோல் ஊற்றி ஓட்டலாமா?
(சிங்கசந்திரா வாசகர்)

முடியாது. இதில் ஸ்பார்க் இல்லை. குளோ பிளக்கின் பிளாட்டினம் சுருள் மெத்தனால் பட்டால்தான் கனன்றுகொண்டே இருக்கும், 1.5 வோல்ட் இக்னைட்டர் கிளப்பிவிட மட்டும்தான். பெட்ரோலுக்கு அந்தச் சுருள் மசியாது.

சிரிக்காமல் ஒன்று சொல்கிறேன். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்ற சாராயத்தில் இருந்ததும் இதே மெத்தனால்தான். தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள், டியூபை வாயால் உறிஞ்சாதீர்கள். பற்றிக்கொண்டால் பகல் வெளிச்சத்தில் தீ கண்ணுக்கே தெரியாது.

பேசாமல் எலெக்ட்ரிக் கார் வாங்கித் தொலைக்கக் கூடாதா?
(ஒரு மனைவி, ஃபேஸ் 2)

கூடும் அம்மா. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 வந்து பெரும்பாலான புது பைக்குகளிலிருந்தே கார்புரேட்டரை விரட்டியாயிற்று. மிச்சமிருக்கிற ஒன்றையாவது அவர் திருகிக்கொண்டிருக்கட்டும். கையில் ஸ்க்ரூடிரைவர் இருக்கும்வரை போன் இருக்காது.

ஞாயிறு மட்டும்தான் ஓட்டுகிறேன். அடுத்த ஞாயிறு புல் ஸ்டார்ட் கயிறு அசைய மறுக்கிறது.
(ஹுஸ்கூர் வாசகர்)

இழுத்து மல்லுக்கட்டாதீர்கள், கயிறுதான் அறும். உள்ளே எரிபொருள் தேங்கியிருக்கலாம். இக்னைட்டரை எடுத்துவிட்டு, பிளக்கைக் கழற்றி, காரைத் தலைகீழாகப் பிடித்து மெல்ல இழுங்கள். முகத்தை மட்டும் தள்ளி வையுங்கள், பீய்ச்சி அடிக்கும். தேங்கவில்லை என்றால் துருவாக இருக்கும். மெத்தனால் ஈரத்தை இழுக்கும், பேரிங் முதலில் பலியாகும். ஓட்டி முடித்ததும் மிச்சத்தை எரித்துத் தீர்த்து, பிளக் துளையில் சில சொட்டு ஆஃப்டர்-ரன் ஆயில் விட்டுச் சுற்றிவிடுங்கள். கடைசியாக ஃப்ளைவீலைத் திருப்பி பிஸ்டனைக் கீழே இறக்கி நிறுத்துங்கள், உச்சியில் விட்டால் ஸ்லீவில் கவ்விக்கொள்ளும். திங்கட்கிழமை ஸ்டாண்ட்-அப் மீட்டிங் உங்களுக்கு மட்டும்தானே.