அரை நாள் லீவு

மத்திய அரசு அலுவலகத்தில் வருடத்துக்கு 8 நாள் கேஷுவல் லீவு. எட்டு என்றால் மனசு சுருங்கிப்போகிறது. அதையே 16 அரை நாள் என்று சொல்லிப் பாருங்கள், ஜமீன் சொத்து மாதிரி இருக்கும். இந்தக் கணக்கில் மயங்கித்தான் எங்களைப் போன்றவர்கள் அரை நாள் லீவு எழுதுகிறோம்.

இதில் முற்பகல், பிற்பகல் என்று இரண்டு ரகம். முற்பகல் லீவு போட்டால் நிம்மதியாகத் தூங்கலாம் என்று நினைப்போம். சென்னையில் அன்றைக்குப் பார்த்துத்தான் மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்குக் கரண்டைப் பிடுங்குவார்கள். வியர்க்க விறுவிறுக்க அலுவலகம் வந்து சேர்ந்தால், கரண்டும் வீட்டுக்கு வந்து சேரும். பக்கத்து சீட்காரர் நம் சலவைச் சட்டையைப் பார்த்துவிட்டு, "எங்க சார் இன்டர்வியூ?" என்பார்.

பிற்பகல் லீவு இன்னும் விசேஷம். காலையிலிருந்து நம்மை நிமிர்ந்தே பார்க்காத செக்‌ஷன் ஆபீசருக்கு, நாம் பையைத் தோளில் மாட்டும்போதுதான் ஞானம் பிறக்கும். "இந்த ஒரு ஃபைலை மட்டும் முடிச்சுட்டுப் போயிடுங்களேன்." அதை முடித்து வீட்டுக்குப் போனால் மனைவி நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள். காய்ச்சல் இல்லை என்று உறுதியான மறுகணம், "லீவுதானே!" என்று கோதுமைத் தூக்கு கைக்கு வரும். மாவு மில்லில் நமக்கு முன்னால் நிற்பவர்கள் முகத்திலும் அதே களை. எல்லோரும் அரை நாள் லீவுக்காரர்கள்தான்.

கேட்காமலே கிடைக்கும் அரை நாளும் உண்டு. மாதத்தில் 2 முறை, ஒரு மணி நேரம் வரைக்குமான தாமதத்தைத் தக்க காரணம் இருந்தால் மன்னிக்கலாம் என்பது விதி. அதற்கு மேல் போனால், ஒவ்வொரு தாமதத்துக்கும் அரை நாள் கேஷுவல் லீவு கழியும். புறநகர் ரயில் சிக்னலில் படுத்துக்கொண்டால் போச்சு. அன்றைக்கு ஏட்டில் லீவு, சீட்டில் வேலை. ஒரே நேரத்தில் இரண்டையும் செய்ய அரசு ஊழியரால்தான் முடியும்.

ஆகவே நண்பர்களே, எடுப்பதென்றால் முழு நாளாக எடுங்கள். காரணத்துக்கு 'சொந்த வேலை' என்று எழுதினால் போதும். ஆபீசில் சொல்லிவிடுங்கள். வீட்டில் மட்டும் மூச்சு விடாதீர்கள்.