மேன்மை தங்கிய நுழைவுச்சீட்டு அலுவலகத்திற்கு, தலைக்கட்டணம் கோரும் விண்ணப்பம்

பெறுநர்: ஏரிக்கரையில் அமைந்த பறவைகள் சரணாலயம் ஒன்றின் மேன்மை தங்கிய நுழைவுச்சீட்டு அலுவலகம்.

பொருள்: எதையும் பதிவு செய்யாத கருவியை வீடியோ காமிராவென அங்கீகரித்தமைக்கு நன்றி கூறலும், அதன் தொடர்ச்சியாக மனுதாரரின் தலைக்கும் உரிய கட்டணம் விதிக்குமாறு வேண்டலும்.

பார்வை: சென்ற ஞாயிறன்று வழங்கப்பட்ட ரசீது: “வீடியோ காமிரா 1 (பழுது)”.

ஒரு கருவி எதற்காகச் செய்யப்பட்டது என்பதை அதைச் செய்தவர்களைவிட அதற்குக் கட்டணம் வசூலிப்பவர்களே நன்கு அறிவர் என்னும் ஆட்சியியல் உண்மை, மேற்படி ரசீதின் வாயிலாக மீண்டும் ஒருமுறை நிறுவப்பட்டுள்ளது. ஜெர்மனியின் யேனா நகரத்துப் பொறியாளர்கள் ‘டெல்ட்ரின்டெம்’ என்று பெயரிட்டு, எட்டு மடங்கு உருப்பெருக்கமும் 30 மில்லிமீட்டர் முகப்பு வில்லையும் உடைய பைனாகுலர் என்றே நம்பி உலகெங்கும் அனுப்பிய பொருள் உண்மையில் ஒரு வீடியோ காமிரா என்பதும், அது படம் பிடிக்காமைக்குக் காரணம் அது பழுதுபட்டிருப்பதே என்பதும், சாளரத்தில் அமர்ந்திருந்த அலுவலர் அரை நிமிடத்தில் எட்டிய முடிவுகளாகும். மெமரி கார்டைக் கழற்றித் தருமாறு அவர் கேட்டதும், அப்படி ஒன்று இல்லை என்ற விடையைக் கேட்டு வரிசையில் பின்னால் நின்றவர்கள் சிரித்ததும், இரு குழல்களுக்குள்ளும் டார்ச் அடித்துத் தேடப்பட்டதும், பின்னர் உள்ளே ஏதேனும் ஆடுகிறதா என்று கருவி மேசைமீது இருமுறை தட்டிப் பார்க்கப்பட்டதும், மனுதாரர் பணிவுடன் ஏற்றுக்கொண்ட நடைமுறைகளே.

அலுவலகத்தின் முடிவைக் குறைகூறும் எண்ணம் மனுதாரருக்கு அறவே இல்லை. அம்முடிவை அதன் தர்க்கப்படி இறுதிவரை கொண்டுசெல்ல வேண்டும் என்பதே வேண்டுகோள். பைனாகுலருக்குள் படம் தங்குவதில்லை. முகப்பு வில்லை, அதாவது பறவையை நோக்கி நிற்கும் பெரிய கண்ணாடி, ஒளியைக் குவித்துத் தலைகீழாகவும் இடவலம் மாறியும் ஓர் உருவத்தை உண்டாக்குகிறது. நடுவில் உள்ள முப்பட்டகங்கள், அதாவது செங்கோண முக்கோண வடிவில் வெட்டிய கண்ணாடிக் கட்டிகள், அவ்வொளியை உள்ளுக்குள்ளேயே பலமுறை திருப்பி உருவத்தை நேராக்குகின்றன. கண்ணருகு வில்லை அதைப் பெரிதாக்கிக் கண்ணுக்குள் அனுப்பிவிடுகிறது. இந்த முப்பட்டக அமைப்புக்கு இத்தாலியரான இக்னாசியோ போரோ 1854-இல் காப்புரிமை பெற்றார் எனினும், தக்க தரமுள்ள கண்ணாடி அக்காலத்தில் வாய்க்காமையால் அது நாற்பது ஆண்டுகள் காத்திருந்து, இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் அபேயின் முயற்சியால் 1894-இல்தான் யேனாவின் சைஸ் தொழிற்சாலையிலிருந்து கைக்கருவியாக வெளிவந்தது. இத்தனை பேர் இத்தனை காலம் பாடுபட்டும், ஒளியை எங்கும் தங்கவிடாமல் கடத்தி அனுப்பும் கருவி ஒன்றைத்தான் செய்ய முடிந்தது; பதிவு நடைபெறும் இடம் அதற்கு அப்பால், பார்ப்பவரின் தலைக்குள் இருக்கிறது. ஆகவே மெமரி கார்டைத் தேடிய அலுவலர் தவறிழைத்தார் என்று சொல்வதற்கில்லை. ஒரு சாண் தள்ளித் தேடியிருக்க வேண்டும், அவ்வளவே.

தலையை மெமரி கார்டாக ஏற்றுக்கொண்டால் எழும் நிர்வாகச் சிக்கல்களையும் மனுதாரர் முன்கூட்டியே சிந்தித்துள்ளார். ஒரே தலையில் பல பருவங்களின் பறவைகள் அடுக்கடுக்காகச் சேர்ந்து கிடப்பதால், கட்டணம் தலைக்கு ஒன்றா, பருவத்திற்கு ஒன்றா, பறவைக்கு ஒன்றா என்பது தெளிவாக்கப்பட வேண்டும். மறந்துபோன பறவைகளுக்குச் செலுத்திய தொகை திருப்பித் தரப்படுமா என்பதும், வீட்டிற்குச் சென்றபின் இரவில் தாமாகவே நினைவுக்கு வருபவை மறுஒளிபரப்பாகக் கருதப்படுமா என்பதும் விளக்கம் கோரும் இடங்கள். வழுக்கைத் தலைக்குச் சலுகை உண்டா என்ற கேள்வியை மனுதாரர் தமது நலன் கருதி இங்கே எழுப்பவில்லை.

அத்தலையில் உள்ளவற்றை மறைக்காமல் அறிவிப்பது குடிமக்களின் கடமையாதலால், சில மட்டும் கீழே தரப்படுகின்றன. நத்தைகுத்தி நாரையின் மேலலகும் கீழலகும் நடுவில் ஒட்டாமல் இடைவெளி விட்டு நிற்கும் என்பது அதன் படத்தைப் பார்த்த எவருக்கும் தெரியும். ஆனால் அதன் குஞ்சுக்கு அந்த இடைவெளி இல்லை, அலகு நேராக மூடிக்கொள்கிறது, வளர வளரத்தான் திறக்கிறது என்பதைக் கூட்டுக்கு அருகே செல்லாமல், கரையில் நின்றபடியே, ஒரே மரத்தைப் பல வாரங்கள் பார்த்தவர் மட்டுமே தம் கண்ணால் அறிவர். புள்ளிமூக்குக் கூழைக்கடாவின் மேலலகு ஓரத்தில் உள்ள நீலக்கரும் புள்ளிகள், வெறுங்கண்ணுக்குச் சாம்பல் நிறத் திண்டாக உறங்கும் அப்பறவைக்கு ஒரு முகத்தைத் தருகின்றன. மஞ்சள்மூக்கு நாரையின் முதுகுப்புறத்து இளஞ்சிவப்பு இறகுகள், நின்றுகொண்டு சிறகு கோதும்போது தெரியும் அளவுக்குப் பறக்கும்போது தெரிவதில்லை. இவற்றுள் ஒன்றுகூட அலுவலகத்தின் அனுமதியுடன் பெறப்பட்டதன்று. அனைத்தும் தலைக்குள் வைத்தே கேட்டைத் தாண்டிக் கடத்தப்பட்டவை.

நன்கு செய்த ஒரே கருவியை நெடுங்காலம் வைத்திருப்பவருக்குக் கிடைக்கும் இன்பம் இத்தகைய கடத்தலில் தேர்ச்சி பெறுவதே. புதிதாக வாங்கியவர் பறவையைக் கண்டதும் கண்ணை எடுத்துக் கருவியைத் தேடுவார், கருவியை உயர்த்தியதும் பறவையைத் தேடுவார், அதற்குள் பறவை போயிருக்கும். பழகியவரோ கண்ணைப் பறவையிலேயே நிறுத்திக் கருவியைக் கண்ணுக்கும் பறவைக்கும் நடுவே கொண்டுவருகிறார். மரத்தின் தொலைவை மனம் மதிப்பிடுவதற்கு முன்பே விரல் குவியச் சக்கரத்தைத் தேவையான அளவு திருப்பிவிடுகிறது. ஆயிரம் மீட்டர் தொலைவில் 150 மீட்டர் அகலத்தை ஒருசேரக் காட்டும் அகன்ற பார்வைப் புலம், அதாவது குழலின் வழியே ஒரே நேரத்தில் தெரியும் பரப்பு, இதற்குத் துணை செய்கிறது. முகப்பு வில்லைகள் இரண்டும் மனிதக் கண்களைவிட விலகி நிற்பதால் ஆழ உணர்வு மிகுந்து, இலைக்குப் பின் இலை, இலைக்குப் பின் கொக்கு என்று ஒவ்வொன்றும் தனித்தனித் தளத்தில் நிற்கிறது. எந்தப் படமும் இதைத் தருவதில்லை.

குறைகளும் உண்டு. எட்டு மடங்குக்கு 30 மில்லிமீட்டர் என்றால் கண்ணருகு வில்லையிலிருந்து வெளிவரும் ஒளிக்கற்றையின் விட்டம் 3.75 மில்லிமீட்டர், பகலில் சுருங்கியிருக்கும் கண்மணிக்கு இது போதும், அந்தியில் கண்மணி விரியும்போது போதாது, அவ்வேளையில் 42 மில்லிமீட்டர் முகப்புடைய இன்றைய கருவி 5.25 மில்லிமீட்டர் கற்றையைத் தந்து வென்றுவிடுகிறது. மூக்குக்கண்ணாடி அணிபவர் கண்ணைப் போதிய அளவு நெருக்கமாக வைக்க இயலாமையால் பார்வைப் புலத்தின் ஓரங்களை இழக்கிறார். ஆயினும் பூச்சில்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் ஏறத்தாழ நூற்றுக்கு நான்கு பங்கு ஒளியைத் திருப்பி வீசிவிடும் என்பதையும், பத்துப் பரப்புகளைக் கடப்பதற்குள் மூன்றில் ஒரு பங்கு ஒளி வீணாகிவிடும் என்பதையும், சைஸ் தொழிற்சாலையின் அலெக்சாண்டர் ஸ்மகுலா 1935-இல் கண்ட மெல்லிய எதிரொளிப்புத் தடைப்பூச்சே அதை மீட்டது என்பதையும் அறிந்தவர், பழைய குழலுக்குள் தெரியும் வெளிச்சத்தை அற்பமாக எண்ணார். மனுதாரரின் கருவியைச் செய்த கிழக்கு ஜெர்மனி 1990-இல் நாடாகவே இல்லாமற்போயிற்று. குவியச் சக்கரம் இன்றும் இறுக்கமாகவும் வழவழப்பாகவும் திரும்புகிறது.

பதிவு இல்லாததைப் பார்வையாகவே ஏற்காத அலுவலகத்தின் கொள்கைக்கு வரலாற்றில் முன்னோடிகள் உள்ளனர் என்பதையும் குறிப்பிட்டாக வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பறவையை அறிதல் என்பது பெரும்பாலும் பறவையைச் சுடுதலாக இருந்தது. ஆலன் ஆக்டேவியன் ஹியூம் 1885-இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திற்கு அளித்த பல்லாயிரக்கணக்கான இந்தியப் பறவைத் தோல்கள் அம்முறையின் விளைவு, அறிவியலுக்கு அவற்றால் பெரும்பயன் விளைந்தது என்பதும் உண்மை. 1889-இல் அமெரிக்கரான ஃபிளாரன்ஸ் மெரியம், நாடகம் பார்க்கும் சிறு கண்ணாடியைக் கொண்டே உயிருள்ள பறவைகளை அறியலாம் என்று ஒரு நூல் எழுதி அந்தத் தெளிவான ஆவண மரபைக் குலைத்தார். துப்பாக்கியுடன் வந்தவரிடம் காட்டுவதற்கு ஒரு பொருள் இருந்தது. எண்ணலாம், எடை போடலாம், ரசீது எழுதலாம். பைனாகுலருடன் திரும்புபவரிடமோ தலையைத் தவிர வேறொன்றும் இல்லை.

கட்டணப் பலகையின் மற்ற விதிகளும் ஆழ்ந்த சிந்தனையின் விளைவுகளே. செல்போனுக்குக் கட்டணம் இல்லை என்பது அவற்றுள் தலையாயது. அது படம் பிடிக்கும், காணொளி எடுக்கும், எடுத்த நொடியிலேயே உலகத்திற்கு அனுப்பும், கூடு கட்டிய மரத்தின் கீழே உரக்கப் பாட்டும் பாடும். ஆயினும் அது காமிரா அன்று. திருமணத்திற்கு முந்தைய படப்பிடிப்புக்காக மணப்பெண்ணும் மாப்பிள்ளையும் புகைக்குப்பியுடன் கரையில் ஓடிவர, தலைக்குமேல் டிரோன் சுற்ற, அடைகாத்திருந்த நாரைகள் எழுந்து கலைந்ததையும் அதே ஞாயிறன்று அலுவலகம் கண்டும் காணாமலும் அனுமதித்தது. பெற்றோர் இல்லாத நேரத்தில் வெயிலில் வெந்து சாகிற குஞ்சைப் பற்றி இந்தப் பலகையில் ஒரு வரி உண்டா? இல்லை. சத்தம் போடுகிறவனுக்கு வழிவிட்டு, வாய் திறக்காமல் தொலைவில் நின்று பார்க்கிறவனின் பையைத் துழாவுவது நிர்வாகம் அன்று. பறவைகளின் பெயரில் நடக்கும் வெட்கக்கேடு. மனுதாரர் இவ்விடத்தில் சொல் தவறியிருப்பின் மேன்மை தங்கிய அலுவலகம் பொறுத்தருள்க. தலை சற்றுச் சூடானதே காரணம், அதிக ஒளி சேகரித்த மெமரி கார்டுகளுக்கு இது இயல்பு.

மேசைமீது தட்டிப் பார்த்தது குறித்தும் ஒரு விளக்கம் தேவை. பைனாகுலரின் இரு குழல்களும் ஒரே திசையை மிகத் துல்லியமாக நோக்கியிருக்க வேண்டும். இதை ஒளியச்சு ஒத்திசைவு என்பர். ஓர் அடியில் முப்பட்டகம் மயிரிழை நகர்ந்தாலும் இரு கண்களுக்கும் சற்றே விலகிய இரு உருவங்கள் கிடைக்கும். அவற்றை ஒன்றாக்க மூளை ஓயாமல் முயன்று, அரை மணி நேரத்தில் தலைவலியைத் தரும். கடற்கரை நாட்டின் ஈரக்காற்றில் வில்லைகளுக்குள் பூஞ்சை படர்ந்து பூச்சை அரித்துவிடாமல், மழைக்காலம் முழுவதும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் மூடிய டப்பாவில் வைத்துக் காப்பாற்றிய கருவியின் உள்ளமைப்பைச் சோதிக்க, அலுவலகம் கையாண்ட முறையே உலகில் மலிவானது. கருவி தப்பியது. தலையையும் அவ்வாறு தட்டிச் சோதிக்கும் விதி வருமாயின் முன்னறிவிப்பு தரப்பட வேண்டும்.

வேடந்தாங்கல் ஏரியில் படைவீரர்கள் பறவைகளைச் சுடுவதாக ஊரார் முறையிட்டபோது, ஆட்சியராக இருந்த லயோனல் பிளேஸ் 1798-இல் அவ்வேரியைப் பறவைகளுக்கென்று காத்தளிக்க ஆணையிட்டார் என்பது பலரும் அறிந்த செய்தி. பறவைகளின் எச்சம் கலந்த நீர் வயலுக்கு உரம் என்று அறிந்திருந்த அவ்வூராருக்குக் கையில் எந்தக் கண்ணாடியும் இல்லை. போரோவின் காப்புரிமைக்கே இன்னும் அரை நூற்றாண்டுக்கு மேல் இருந்தது. அவர்கள் தலையில் வைத்திருந்ததற்கும் எவரும் கட்டணம் கேட்கவில்லை. இன்றைய அலுவலகம் அவ்வளவு ஊதாரித்தனமாக நடந்துகொள்ளாது என்பதில் மனுதாரருக்கு முழு நம்பிக்கை உண்டு.

சாளரம் காலை ஒன்பது மணிக்குத் திறக்கப்படுவது பற்றியும் ஒரு சொல். நாரைகளும் கொக்குகளும் விடியலில் இரை தேடிப் புறப்பட்டுவிடும். பத்து மணிக்கு மேல் சூடேறிய கரையிலிருந்து எழும் கானல், இடைப்பட்ட காற்றையே நெளியவைத்து, எத்தகைய சிறந்த கண்ணாடிக்கும் உருவத்தைக் கலங்கலாக்கிவிடும். பறவைகள் இருக்கும் வேளையில் கதவையும், அவை இல்லாத வேளையில் சாளரத்தையும் காப்பதே பாதுகாப்பு என்று அலுவலகம் கருதுமாயின், அதற்கும் மனுதாரர் தலைவணங்குகிறார். வணங்கிய தலைக்குத் தனிக்கட்டணம் இல்லையெனில் மகிழ்ச்சி.

எஞ்சியது ஒரு சிறு வேண்டுகோள். ரசீது எழுதிய அலுவலரின் சாளரம் சாலையைப் பார்த்தும், நாற்காலி ஏரிக்கு முதுகைக் காட்டியும் அமைக்கப்பட்டுள்ளன. பல பருவங்கள் அங்கே பணியாற்றியும் நத்தைகுத்தியின் அலகில் இடைவெளி உண்டென்பதைத் தாம் பார்த்ததில்லை என்று அவரே சொன்னார், சொல்லும்போது அவர் குரலில் அதிகாரம் சற்றுக் குறைந்திருந்தது. வரும் ஞாயிறன்று கூட்டம் தணியும் மதிய உணவு நேரத்தில், மேற்படி பழுதான வீடியோ காமிராவை அவரிடம் பத்து நிமிடம் ஒப்படைக்க மனுதாரர் ஆயத்தமாக உள்ளார். குவியச் சக்கரத்தை எப்பக்கம் திருப்ப வேண்டும் என்பது சொல்லித் தரப்படும். வேளை நல்லதன்று, கானல் இருக்கும். ஆயினும் கரையோர முதல் மரம் அவ்வளவு தொலைவில் இல்லை. அவருடைய தலைக்கு உரிய கட்டணத்தை மனுதாரரே செலுத்திவிடுவார். அந்த ரசீதில் மட்டும் ‘பழுது’ என்று எழுத வேண்டாம்.

இங்ஙனம்,
பணிவுள்ள மனுதாரர்