ஆமாம் போடற ஒடக்கான்

ஏங்கண்ணு, சித்தெ இப்படி உக்காரு. அமெரிக்கா ஒடக்கானைத் தோள்மேல வெச்சுக்கிட்டு கடைவீதியில நடந்தியாமா? இகுவானான்னு பேராமா? நாஞ் சொல்றதுக்கெல்லாம் தலையாட்டி ஆமாம் போடுதுன்னு பெருமைப்பட்டியாமா. சந்தோசம் சாமி. உன்ர பேச்சுக்கு ஆமாம் போட ஒரு சீவனாச்சும் கெடைச்சுதே!

நம்ம இட்டேரி வேலிமேல கழுத்துச் செவந்து உக்காந்திருக்கற ஒடக்கானும் அப்படித்தான் ஆட்டுது. பொட்டையக் கூப்புட ஆட்டும். இல்லீன்னா 'இது என்ர எடம், எட்டப் போ'ன்னு ஆட்டும். உன்னைய வெளிய போகச் சொல்லுது, நீ அதுக்கு முத்தங் குடுக்கறே.

தடவுனா கண்ணை மூடிச் சொக்குதாமா? நான் பேச ஆரம்பிச்சா உன்ர அம்மாயியுந்தான் கண்ணை மூடுவா. அவ சொக்கறான்னா நெனைச்சே?

தும்முதுன்னு சளி மருந்து தேடுனியாமா. ஒடம்புல மிஞ்சின உப்பை அது மூக்கு வழியாத்தான் தும்மித் தள்ளும். கூண்டுக் கண்ணாடியில காய்ஞ்சு கெடக்கற வெள்ளைப் பொடி அதுதான். உன்ர நெஞ்சுமேல ஏறிப் படுக்கறதும் பாசமில்லை, சூடு. தன் ஒடம்பை அதால சூடாக்கிக்க முடியாது. சூடேறுன டீவிப் பொட்டிமேல உட்டுப் பாரு, அதுமேலயும் அதே பாசந்தான்.

இந்தப் பாசத்துல நீ மறந்தது வெயிலை. புற ஊதாக் கதிர் தோல்ல படலீன்னா சுண்ணாம்புச் சத்து ஒடம்புல ஒட்டாது, எலும்பு இளகிப்போகும். சன்னல் கண்ணாடி வழியா வர்ற வெயில் ஒதவாது. பெருந்துறைத் தாலூக்கா பூரா வெயில் சும்மா கெடக்குது. நீ ஏசி ரூம்ல அதுக்குப் போர்வை போத்தறே. சென்னிமலைப் போர்வைக்கு யாவாரம் ஆகட்டும்னு நெனைச்சியோ என்னமோ!

உன்னைய மட்டும் சொல்லலை. பல்லி கத்துனா கல்யாணப் பேச்சையே தள்ளிவெச்ச சனம் நாம. 1984ல எரட்டை மாட்டு வண்டி சென்னிமலை மேல 1320 படியும் ஏறுச்சு. மாட்டுக்கு அம்புட்டு பக்தின்னு கையெடுத்துக் கும்புட்டோம். மாட்டை ஒருத்தருங் கேக்கலை.

அது கெடக்கட்டும், 2024ல வந்த விதிப்படி இகுவானாவைப் பரிவேஷ் வலைத்தளத்துல பதியோணும். பதிஞ்சியா? முழிக்கறியே!

அடுத்து நட்சத்திர ஆமை வாங்கப்போறியாமா? தொட்டா வெக்கப்பட்டுத் தலையை உள்ள இழுக்குதாமா? பயத்துல இழுக்குது கண்ணு. 1972ஆம் வருசச் சட்டப்படி அதை ஊட்ல வெச்சிருந்தாக் கேசு. வனத்துறைக்காரர் வந்து கதவைத் தட்டறப்போ நீயும் தலையை உள்ள இழுப்பே. வெக்கமான்னு அவர் கேக்கமாட்டாருங்கோ.