எண்ணெய் காயட்டும், சொல்கிறேன்

கேள்வி: வத்தக்குழம்பு என்றால் நல்லெண்ணெய்தான் என்று என் மாமியார் அடம்பிடிக்கிறார். எந்த எண்ணெயில் வைத்தால் என்ன, குழம்பு குழம்புதானே?
(மருமகள், மன்னார்குடி)

பதில்: இந்த வழக்கில் தீர்ப்பு மாமியார் பக்கம். ரீஃபைண்ட் எண்ணெய் என்பது ஆலையில் காரம் சேர்த்து அமிலத்தை நீக்கி, ஒருவகைக் களிமண்ணால் நிறத்தை எடுத்து, கடைசியில் 200 டிகிரிக்கு மேல் சூடாக்கி, வெற்றிடத்தில் நீராவியைச் செலுத்தி வாசனையையும் விரட்டிவிட்டு அனுப்பிய சரக்கு. எந்த விதையில் பிறந்தோம் என்பதே அதற்கு மறந்திருக்கும்.

நல்லெண்ணெய்க்கு மெல்லிய கசப்பு உண்டு. அதை அடக்கத்தான் செக்கில் எள்ளோடு கருப்பட்டியையும் போட்டு ஆட்டுகிறார்கள். அப்படியும் மிஞ்சுகிற கசப்பு சுண்டைக்காய் வத்தலோடு கூட்டுச் சேர்ந்துகொண்டு, புளிப்பு தனியாகத் தூக்கிக்கொண்டு நிற்காமல் பார்த்துக்கொள்ளும். குழம்பு சுண்டும்போது அடுப்படியிலேயே நில்லுங்கள். தளதளவென்ற கொதி அடங்கி, ‘பொளக் பொளக்’கென்று குமிழி வெடிக்க ஆரம்பிக்கும். ஓரமெல்லாம் எண்ணெய் சிவப்பாகப் பிரிந்து வரும். மிளகாயின் நிறமும் பெருங்காயத்தின் வாசனையும் தண்ணீரைவிட எண்ணெயில்தான் நன்றாக இறங்கும் என்பதால், மேலே மிதக்கிற அந்தச் சிவப்பில்தான் குழம்பின் பாதி ருசி இருக்கிறது. ‘ஐயோ கொழுப்பு’ என்று அதைக் கரண்டியால் வழித்துக் கொட்டும் புண்ணியவான்களுக்கு மிஞ்சுவது புளித்தண்ணீர்.

எள்ளில் இயற்கையாகவே செசமால் போன்ற காவலாளிகள் இருப்பதால் நல்லெண்ணெயில் சிக்கு வாடை சீக்கிரம் வராது. ஆவக்காய், எலுமிச்சை ஊறுகாயெல்லாம் அதில் மிதப்பது வெறும் ருசிக்காக மட்டுமல்ல. இந்தப் பதிலை மாமியாரிடம் காட்டிவிடாதீர்கள். அடுத்தது கல்சட்டி வாங்கச் சொல்வார்.

கேள்வி: சிங்கப்பூரில் சூப்பர்மார்க்கெட்டில் எள் எண்ணெய் என்று வாங்கி இட்லிப்பொடியில் ஊற்றினேன். இட்லியில் நூடுல்ஸ் வாசனை! ஏமாற்றிவிட்டார்களா?
(பொடிப் பிரியர், சிங்கப்பூர்)

பதில்: ஏமாற்றவில்லை. அவர்கள் எள்ளை நன்றாக வறுத்துப் பிழிகிறார்கள், நாம் வறுக்காமல் ஆட்டுகிறோம். வறுத்த எள்ளின் எண்ணெய் நல்ல பழுப்பு. வாசனை ஆளைத் தூக்கும். சீனர்களும் கொரியர்களும் அதை அடுப்பை அணைக்கிற நேரத்தில் சில சொட்டு விடுவதோடு நிறுத்திக்கொள்வார்கள். நாமோ பொடியைக் குவித்து, நடுவில் குழி பறித்து, ததும்பத் ததும்ப ஊற்றுகிற கூட்டம். சிராங்கூன் ரோடு வரை ஒரு நடை போய் நம்மூர் எண்ணெய் வாங்கிவிடுங்கள். கொஞ்சம் தாராளமாகவே ஊற்றுங்கள். மிளகாயின் காரம் எண்ணெயில் கரையும். நாக்கு எரிந்தால் தண்ணீரைக் குடித்துப் பயனில்லை.

கேள்வி: என் மனைவி தேங்காய் எண்ணெயில்தான் அவியல் வைக்கிறாள். ஆனால் எங்கள் ஊர் வாசனை மட்டும் வரமாட்டேன் என்கிறது.
(வடசேரிக்காரன், வடபழனி)

பதில்: அந்த வாசனை உங்களுக்குத்தானே தெரியும்? அப்படியானால் கரண்டியையும் நீங்களே பிடிக்கலாமே! எண்ணெயை முதலிலேயே ஊற்றிக் காயவைத்திருப்பார்கள் என்பது என் ஊகம். அவியலில் எண்ணெய்க்குக் கடைசி இடம். காய் வெந்து, தேங்காய் அரைப்பும் தயிரும் சேர்ந்து, அடுப்பை அணைத்தபிறகு பச்சைத் தேங்காய் எண்ணெயைச் சுற்றி விட்டு, கறிவேப்பிலையைக் கசக்கிப் போட்டு, உடனே மூட வேண்டும். அடுப்பில் கொதித்தால் அந்த மணம் பக்கத்து ஃபிளாட்டுக்குத்தான் போய்ச் சேரும். மார்கழியில் எண்ணெய் உறைந்துவிட்டது, கலப்படம் என்று அடுத்த கடிதம் போட வேண்டாம். 24 டிகிரிக்குக் கீழே இறங்கினால் அது உறையத்தான் செய்யும்.

கேள்வி: எந்த எண்ணெய் இதயத்துக்கு நல்லது?
(கவலைப்படுபவர், கரூர்)

பதில்: நம் இலாகா நாக்கோடு முடிகிறது. அதற்குக் கீழே டாக்டர்.

கேள்வி: டீக்கடை பஜ்ஜியின் நிறமும் ருசியும் வீட்டில் வராத மர்மம் என்ன?
(நாலு மணிக்காரர், திருச்சி)

பதில்: புத்தம்புது எண்ணெயில் முதல் ஈடு வெளிறித்தான் வரும். புது எண்ணெய் ஈர மாவோடு ஒட்டாது. பொரியப் பொரிய எண்ணெயில் உண்டாகிற சில பொருள்கள்தான் இரண்டையும் நெருங்கவிடுகின்றன. அதன்பிறகு சீராகச் சிவக்கும். டீக்கடை வாணலியில் எண்ணெய் நேற்றே பழகிவிட்டது. சில கடைகளில் போன வாரமே. அங்கேதான் வம்பு. கருத்து, கெட்டியாகி, நுரை கட்டி நிற்கும் எண்ணெய் பஜ்ஜிக்கு ருசி தராது, தொண்டையில் கமறலைத்தான் தரும். காய்ந்து காய்ந்து சிதைந்த சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்று 2018 ஜூலையிலிருந்து விதியே இருக்கிறது. அளக்கும் கருவி நம் கையில் இல்லை, மூக்கு இருக்கிறது.

வீட்டில் கடலை எண்ணெயில் போடுங்கள், முதல் ஈட்டைக் கணவருக்குக் கொடுங்கள். இன்னொரு சங்கதி: பஜ்ஜி வாணலிக்குள் இருக்கும்போது அதிகம் எண்ணெய் குடிப்பதில்லை. உள்ளிருக்கும் நீராவி வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். எடுத்து ஆறவைக்கும்போதுதான் மேலே ஒட்டியிருப்பதை உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே ஜல்லிக்கரண்டியை வாணலிக்கு மேலேயே நன்றாக உதறிவிட்டுத் தட்டில் போடுங்கள்.

கேள்வி: கொல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்திருக்கிறேன். பக்கத்து வீட்டில் கடுகு எண்ணெய் காய்ந்தால் எனக்குக் கண்ணீர் வருகிறது. நாமும்தான் தினம் கடுகு தாளிக்கிறோம், இப்படி மூக்கில் ஏறுவதில்லையே?
(வங்கி ஊழியர்)

பதில்: முழுக் கடுகில் அந்த நெடி கிடையாது. கடுகு நசுங்கி ஈரம் பட்டால்தான், உள்ளே தனித்தனியாகக் கிடந்த இரண்டு பொருள்கள் ஒன்றுசேர்ந்து நெடி பிறக்கும். நாம் முழுசாக, காய்ந்த எண்ணெயில் போட்டுப் பொரியவிடுகிறோம். அந்தச் சேர்க்கைக்கு இடமே கொடுப்பதில்லை. மாவடுவில் கடுகை அரைத்துப் போடுவோமே, அங்கே ஏறும் பாருங்கள்! வங்காளிகள் எண்ணெயைப் புகையவிட்டு நெடியைத் தணித்துக்கொண்டு சமைப்பார்கள், சில பதார்த்தங்களில் கடைசியில் பச்சையாகவும் கொஞ்சம் விடுவார்கள். இலிஷ் மீனே கொழுப்பு மிகுந்தது. அதற்கு ஈடுகொடுக்க இந்த முரட்டு எண்ணெயால்தான் முடியும். அவர்கள் சாப்பிடக் கூப்பிட்டால் போய்விடுங்கள்.

கேள்வி: அமெரிக்காவிலிருந்து மகன் பெரிய டின் நிறைய எக்ஸ்ட்ரா வெர்ஜின் ஆலிவ் எண்ணெய் கொண்டுவந்திருக்கிறான். முறுக்கு சுடலாமா?
(அம்மா, அம்பாசமுத்திரம்)

பதில்: வேண்டாம் அம்மா. அதன் விலையே அந்தப் பச்சை வாசனைக்கும் தொண்டையில் லேசாக உறைக்கிற காரத்துக்கும்தான். வாணலியில் இரண்டும் போய்விடும். பெருங்காயத்தோடும் ஒத்துப்போகாது. தாளிக்காத கொண்டைக்கடலைச் சுண்டலில் எலுமிச்சம்பழம் பிழிந்து மேலே ஊற்றிப் பாருங்கள். லெபனான் பக்கம் கொண்டைக்கடலைக்கும் அதற்கும் ரொம்ப நாள் சம்பந்தம்.

கேள்வி: கல்யாண வீட்டு மைசூர்பாகு நெய்யா, வனஸ்பதியா? கேட்காமல் கண்டுபிடிக்க முடியுமா?
(மாப்பிள்ளை வீட்டார், மதுரை)

பதில்: நெய் வாய்ச் சூட்டில் உருகிவிடும். வனஸ்பதியில் ஒரு பங்கு உருகாமல் மேலண்ணத்தில் மெழுகாக ஒட்டும். தெரிந்தபிறகும் கேட்காதீர்கள். சம்பந்தம் முக்கியம்.

கேள்வி: ரீஃபைண்ட் எண்ணெய்க்கு ஆதரவாக ஒரு வார்த்தையாவது சொல்லக் கூடாதா?
(எண்ணெய் மண்டி உரிமையாளர், விருதுநகர்)

பதில்: சொல்கிறேன். குலோப் ஜாமூனை ஒரு தடவை நல்லெண்ணெயில் பொரித்துப் பாருங்கள். ரீஃபைண்டுக்குக் கோயிலே கட்டுவீர்கள்.