ஓடும் வாட்ச் யாருக்கு வேண்டும்?

பழைய வாட்ச் ரிப்பேர் கருவிகளைச் சேர்க்கும் நண்பரிடம் மணி கேட்டால் செல்போனைத்தான் எடுப்பார். மணிக்கட்டில் இருக்கும் எச்.எம்.டி. ஜனதா நின்று வெகுநாளாயிற்று. 17 கல், சாவி கொடுத்தால் ஓடும் ரகம். திறந்து பார்க்க அவருக்கு நேரமில்லை. ஸ்க்ரூடிரைவருக்குச் சாணை பிடித்துக்கொண்டிருக்கிறார்.

சாணையைக் குறை சொல்ல முடியாது. முனை திருகின் பள்ளத்தில் அகலம் முழுக்க உட்கார வேண்டும். இல்லாவிட்டால் வழுக்கி, உள்ளே மெருகில் கோடு இழுத்துவிடும். எண்ணெய்க் கல்லில் தேய்க்கிறார், லென்ஸை இடுக்கிப் பார்க்கிறார், மறுபடி தேய்க்கிறார். முனை குட்டையாகிக்கொண்டே வருகிறது. திருப்திதான் வரக் காணோம்.

வீட்டின் மூலவர், அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் கெண்ட்ரிக் அண்ட் டேவிஸ் செய்த ஸ்டேக்கிங் செட். மரப்பெட்டிக்குள் வரிசையாகப் பஞ்சுகள். சுழலும் தட்டில் சிறிதும் பெரிதுமாய்த் துளைகள். பேலன்ஸ் சக்கரத்தில் புது அச்சை ரிவெட் அடிக்கப் பிறந்தது, இங்கே எண்ணெய்க்காப்போடு சரி. வியர்வை பட்டால் துரு ஏறும் என்பதால் தொட அனுமதியில்லை. துருவுக்கென்றே உள்ளே கற்பூரம் வேறு. பூஜையறையில் தீர்ந்துபோனால் அம்மா நேரே இங்கேதான் வருவார்.

"சார், அந்த ஜனதாவைப் பாருங்களேன்" என்றேன்.

"ஒரு பஞ்ச் குறையுது. கிடைக்கட்டும்."

பொறுத்துப் பார்த்த மனைவி, தெருமுனைக் கடையில் கொடுத்து ஓட வைத்துவிட்டார். கடைக்காரர் பிடியில் துணி சுற்றிய ஒற்றை ஸ்க்ரூடிரைவரால் திறந்தாராம். நண்பர் வாட்சைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அந்த ஸ்க்ரூடிரைவரை விப்பாரா?"