கேளுங்கள், ட்ரிப் ஆகாது

ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், சேலையூர்: 2000 வாட் கீசர் வாங்கியிருக்கிறேன். 10 ஆம்பியர் எம்.சி.பி. போதும் என்கிறார் மாப்பிள்ளை. 32 போடு என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். யார் சொல்வது சரி?

மாப்பிள்ளை கிட்டத்தட்ட சரி. மாப்பிள்ளைகளுக்கு இதுவே அதிகம். 2000 வாட்டை நம் வீட்டு 230 வோல்ட்டால் வகுங்கள், 8.7 ஆம்பியர் வரும். பத்துக்குள் அடங்கினாலும் இடுக்கமாக உட்காரும். கீசருக்கு வழக்கம் 16 ஆம்பியர். மூன்று கிலோவாட் உடனடி கீசர் இழுப்பதே 13 ஆம்பியர்தான் என்பதால் அதற்கும் அதுவே போதும்.

பக்கத்து வீட்டுக்காரர் விஷயத்துக்கு வருவோம். எம்.சி.பி.யோ ஃபியூஸோ, அது காவல் காப்பது கீசரை அல்ல, சுவருக்குள் ஓடும் வயரை. கீசருக்கு இழுத்திருப்பது 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் என்றால் 16 ஆம்பியர் அதற்குப் பொருத்தம். அதே வயருக்கு 32 போட்டால் வயர் வெந்துகொண்டிருக்கும், எம்.சி.பி. வேடிக்கை பார்க்கும். பாத்ரூம் லைட்டுக்குப் போன 1 சதுர மில்லிமீட்டர் வயரிலேயே கீசரையும் கோத்துவிட்டார்கள் என்றால் 16கூட ஆபத்துதான். டி.பி. பெட்டியிலிருந்து தனி வயர் இழுக்கச் சொல்லுங்கள்.

இல்லத்தரசி, குரோம்பேட்டை: இன்வெர்ட்டரில் கீசர் ஓடுமா?

ஓடும். இன்வெர்ட்டர் படுத்துவிடும்.

வாசகர், மேற்குத் தாம்பரம்: கீசர் போட்டாலே எம்.சி.பி. விழுகிறது. தெரிந்த பையன் வந்து, "பெரிசா ஒண்ணு மாட்டிடலாம் சார்" என்கிறான். மாட்டலாமா?

வந்துவிட்டான்! இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பாதி இவனைப் பற்றித்தான். பெருங்களத்தூர் முதல் பல்லாவரம் வரை எந்தத் தெருவில் கேட்டாலும் ஒரு 'தெரிந்த பையன்' இருக்கிறான். அவனுக்கு எல்லாம் தெரியும், ஆம்பியரைத் தவிர. எம்.சி.பி. இல்லாத காலத்தில் இவன் அப்பா வருவார். பீங்கான் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்குவார். பழைய வயரை உரித்து நாலு இழை செம்பை முறுக்கிச் செருகுவார். "இனி ஜென்மத்துக்கும் போகாது" என்று சொல்லிவிட்டு டீ குடித்துவிட்டுப் போவார். சொன்ன சொல் தவறாதவர். ஃபியூஸ் போகவே போகாது. போவதெல்லாம் வீடுதான்.

நாய் குரைத்துத் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று நாயை விற்றுவிட்டுத் திருடனுக்குப் பாய் விரிக்கும் வேலை இது. எம்.சி.பி. ஏன் விழுகிறது என்று பாருங்கள். நம் பக்கத்து போர்வெல் தண்ணீரின் உப்பு எலிமென்ட்டில் படிந்து, நாளாவட்டத்தில் அதன் உறை வெடித்துக் கசிவு ஏற்படலாம். டெர்மினல் ஸ்க்ரூ தளர்ந்து சூடாகலாம். அதே எம்.சி.பி.யில் வாஷிங் மெஷினும் தொற்றிக்கொண்டிருக்கலாம். எதுவுமே இல்லை, எம்.சி.பி.யே கிழடாகிவிட்டது என்றால் அதே 16இல் புதிது போடுங்கள்.

கல்லூரி மாணவர், சிட்லபாக்கம்: மின்சார விஷயத்தில் தாம்பரத்துக்கு ஏதாவது பெருமை உண்டா?

உண்டு தம்பி. இதைக் கேட்க ஆள் வராதா என்று காத்திருந்தேன். 1931இலேயே பீச்சிலிருந்து தாம்பரத்துக்கு மீட்டர் கேஜில் மின்ரயில் ஓடியது. தென்னிந்தியாவில் அதுதான் முதல் மின்ரயில் பாதை. அப்போது 1500 வோல்ட் டி.சி. 1960களில் அதை 25,000 வோல்ட் ஏ.சி.க்கு மாற்றியபோது அதற்கேற்ற புது ரயில் பெட்டிகளையும் இறக்கினார்கள். தெரிந்த பையனிடம் விட்டிருந்தால் வோல்ட்டை மட்டும் ஏற்றிவிட்டு டீ குடிக்கப் போயிருப்பான்.

வாசகர், மேடவாக்கம்: 1500 வாட் ஹீட்டர் ராடை டி.வி. பிளக்கில் சொருகலாமா?

அது 6.5 ஆம்பியர் இழுக்கும். சின்ன பிளக் பாயிண்டின் எல்லையே 6. மீதி அரை ஆம்பியரைக் கருகல் வாசனையாகத் திருப்பித் தரும்.

வாசகி, வேளச்சேரி: மே மாதத்தில் கீசரை எத்தனை நிமிடம் போடலாம்?

மார்கழி விடியலிலேயே 20 டிகிரியை ஒட்டி நிற்கும் ஊரில், மே மாதக் கீசரா? மொட்டை மாடித் தொட்டியைத் திறந்து பாருங்கள் தாயே. முட்டை அவிக்கலாம்.

வாசகி, பல்லாவரம்: கீசர் குழாயைத் தொட்டால் அம்மாவுக்கு லேசாக ஷாக் அடிக்கிறது. "எம்.சி.பி. இருக்கு, பயமில்லை" என்கிறார்கள். உண்மையா?

இல்லை அம்மா. இன்றே கீசர் சுவிட்சை அணைத்துவிடுங்கள், சரிசெய்யும்வரை அடுப்பில் வெந்நீர் வையுங்கள். 16 ஆம்பியர் எம்.சி.பி. விழ வேண்டுமானால் 16,000 மில்லி ஆம்பியரைத் தாண்ட வேண்டும். மனித இதயத்தைத் தடுமாறச் செய்ய அதில் நூறில் ஒரு பங்கு போதும். ஈரக் கையோடு வெறுங்காலில் நிற்கும் அம்மாவை எம்.சி.பி.க்குத் தெரியாது.

அவரைக் காப்பவை இரண்டு. ஒன்று, ஒழுங்கான எர்த். மூன்றாவது பின் பிளக்கில் இருந்தால் மட்டும் போதாது, அதன் வயர் உண்மையிலேயே மண்ணுக்குப் போகிறதா என்று அளந்து பார்க்க வேண்டும். மற்றது, 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போகும் மின்சாரமும் திரும்பும் மின்சாரமும் சமமாக இல்லையென்றால் அது கண்ணிமைக்கும் நேரத்தில் இணைப்பைத் துண்டிக்கும். பொருத்திய பிறகு அதிலுள்ள டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். விழவில்லை என்றால் மாற்றுங்கள்.

வாசகர், ஊரப்பாக்கம்: இந்த வேலையெல்லாம் நானே செய்துகொள்ளலாமா?

வேண்டாம். தமிழ்நாடு மின் உரிம வாரியம் கொடுக்கும் கம்பியாள் தகுதிச் சான்றிதழ் உள்ளவரைக் கூப்பிடுங்கள். சான்றிதழைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொண்டால் அவர் தெரிந்த பையன்.