நாலாவது கால்: வீட்டில் செய்த மேசையின் ஆட்டம் குறித்து ஓர் ஆய்வு

தமிழ்நாட்டு வீடுகளில் மரப்பட்டறைக்கென்று யாரும் அறை கட்டுவதில்லை. எனவே சொந்தக் கையால் எழுதுமேசை செய்யத் துணிபவர், குடும்பத்தாரின் ஏகமனதான தீர்மானத்தின் பேரில் மொட்டை மாடிக்கு அனுப்பப்படுகிறார். மரக்கடையில் தேக்கு விலையை விசாரித்துவிட்டு வேப்பமரத்தோடு திரும்புவது, இழைப்புளிக்கு வாய் தீட்டுவது, தூள் பறந்து பக்கத்து வீட்டுக் கொடித்துணியில் படிவது ஆகியவை இவ்வாய்வின் எல்லைக்கு வெளியே உள்ளன. மேசை கீழே இறங்கி, அறையில் இடம்பிடித்து, அதன்மேல் முதல் முழங்கை ஊன்றப்பட்டதும் கேட்கும் அந்த ‘டொக்’ ஒன்றே நமது பொருள்.

இந்த ஒலிக்குக் காரணம் கூறும் பள்ளிகள் இரண்டு. தரை கோணல் என்பது ஆசாரிப் பள்ளி. கால் கோணல் என்பது கொத்தனார்ப் பள்ளி. இரண்டும் மற்றவர் வேலையைப் பற்றி மட்டுமே தீர்ப்புச் சொல்வதால், இரண்டையும் ஒருசேர ஏற்பதில் நமக்குத் தடையில்லை. மேசையைச் செய்தவர் மூன்றாவதாக ஒரு கருத்தை வைப்பார்: ஈரக்காற்றில் ஒரு கால் வளர்ந்துவிட்டதாம். இதை உடனே நிராகரிக்க வேண்டியிருக்கிறது. மரம் ஈரத்தை உறிஞ்சினால் நாரோட்டத்துக்குக் குறுக்கே பருக்கும். நெடுக்கே நீள்வது கண்ணுக்குத் தெரியாத அளவே. மழைக்காலத்தில் இழுப்பறை சிக்கிக்கொள்வதற்கு இது நல்ல சாக்கு. காலுக்குச் செல்லாது.

உண்மைக் காரணம் மாடியிலேயே இருக்கிறது. மழைநீர் தேங்காமலிருக்க மொட்டை மாடித் தளத்துக்குக் கொத்தனார் வாட்டம் கொடுத்திருப்பார். வாட்டம் ஒரே பக்கமாக இருந்தால் பாதகமில்லை, மேசை சாய்ந்து நிற்குமே தவிர ஆடாது. ஆனால் மழைக்குழாய் இருப்பது மூலையில். நாலாபுறத்து வாட்டமும் அதை நோக்கி ஓடி, வழியில் ஒன்றையொன்று சந்திக்கின்றன. அப்படிச் சந்திக்கும் கோட்டின்மேல் சட்டத்தை நிறுத்தி, நாலு காலும் பதியும்படி அழுத்திப் பிடித்து, பசை தடவி இறுக்கினால், மாடியின் முறுக்கு அப்படியே மேசைக்குள் இறங்கிவிடும். மாடியில் அது பாறைபோல நிற்பதும், சமதளமான அறைக்கு வந்ததும் ஆடுவதும் இதனால்தான். அதாவது அது பழுதான மேசை அன்று. மொட்டை மாடியின் நேர்மையான பிரதி.

முக்காலி ஆடாதது அனைவரும் அறிந்தது. எந்த மூன்று புள்ளிகளும் ஒரு தளத்தில் அடங்கும். நாலாவது புள்ளிக்கு அந்த உத்தரவாதம் இல்லை. அப்படியானால் எழுதுமேசைக்கும் மூன்று கால் போதாதா என்று கேட்கும் வாசகர், கால் இல்லாத மூலையில் கைகளை ஊன்றி எழுந்து பார்க்கலாம். பாரம் முக்கோணத்துக்கு வெளியே போனதும் மை, கணினி, காபி எல்லாம் ஒரே திசையில் புறப்படும்.

கணித உலகமும் இதில் சும்மா இருக்கவில்லை. சேர்ன் ஆய்வகத்தைச் சேர்ந்த ஆந்த்ரே மார்ட்டின் என்ற இயற்பியலாளர், மேடுபள்ளமான தரையிலும் சதுர மேசையை 90 பாகைக்குள் சுழற்றினால் நாலு காலும் பதியும் இடம் கிடைத்தே தீரும் என்று 2005ஆம் ஆண்டுவாக்கில் நிறுவினார். நிபந்தனைகள் உண்டு: தரை மிகச் செங்குத்தாக இருக்கக் கூடாது, இடையில் படிபோல் முறியக் கூடாது, கால்கள் அளவு பிசகாமல் இருக்க வேண்டும். டைல்ஸ் ஒன்றுக்கொன்று தூக்கி நிற்கும் அறையில் இரண்டாவது அடிபடுகிறது. மூன்றாவது நம் மேசைக்குப் பொருந்தாது. எல்லாம் பொருந்தினாலும், பத்தடி அறையில் மேசையை நாற்பது பாகை திருப்பி வைத்தால் பீரோவின் கதவு திறக்காது. தேற்றம் பீரோவைப் பற்றிப் பேசவில்லை.

நடைமுறையில் வென்றது காகித மடிப்புக் கொள்கையே. இதில் நாட்காட்டித் தாள் கீழ்நிலை; இரண்டே வாரத்தில் நசுங்கிவிடும். கெட்டியான திருமண அழைப்பிதழ் உயர்நிலை. நாலாக மடித்ததை மேசையின் இடது பின்காலடியில் கண்டால், மஞ்சள் தடவிய மூலையும் ‘தங்கள் நல்வரவை’ வரையிலான பொன்னெழுத்தும் வெளியே தெரியும். பெற்றோர் பெயர் உள்ளே போகும்படி மடிப்பதே முறை. சம்பந்தப்பட்டவர்கள் வீட்டுக்கு வரக்கூடும்.

ஆட்டத்தை ஒரேயடியாகத் தீர்க்க நினைப்பவர் வாளை எடுக்கிறார். இங்கேதான் ஆய்வு துயரப் பகுதிக்குள் நுழைகிறது. ஆசாரிகளின் கணக்கில் ஓர் அங்குலம் எட்டு நூல். ஒரு நூல் சுமார் 3 மில்லிமீட்டர். நீளமான காலில் ஒரு நூல் எடுத்தால், எதிர்மூலைக் கால் நீளமாகிறது. அதில் ஒன்றரை எடுத்தால் மூன்றாவது முன்வருகிறது. 30 அங்குலத்தில் தொடங்கிய மேசை இப்படி இறங்கி இறங்கி, முழங்காலைத் தட்டி, நாற்காலியை வெளியேற்றி, கடைசியில் பழைய மண்டிக்கடைக் கணக்குப்பிள்ளை சம்மணமிட்டு உட்கார்ந்து எழுதிய சாய்வு மேசையின் உயரத்தில் ஓய்கிறது. எழுதுமேசையின் வரலாற்றைப் பின்னோக்கி ஓட்டிக் காட்ட ஒரு வாளும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போதும் என்பது இதிலிருந்து பெறப்படும் துணை முடிவு.

தேர்ந்த ஆசாரி இப்படிச் செய்வதில்லை. சமமான தரையில் மேசையை நிறுத்தி, குட்டையான கால்களுக்கு அடியில் ஆப்பு கொடுத்து, மேல்பலகையில் ரசமட்டம் வைத்துச் சரிபார்ப்பார். இருப்பதில் பெரிய இடைவெளியைவிடச் சற்றே தடிமனான ஒரு மரத்துண்டை எடுத்து, அதன்மேல் பென்சிலைப் படுக்கவைத்து, நாலு காலையும் சுற்றிக் கோடு இழுப்பார். பிறகு கோட்டில் ஒரே அறுப்பு. ஒருமுறை அறுத்தபின் வாளைத் துடைத்து உள்ளே வைத்துவிடுவார். இந்தக் கடைசிப் படிதான் வீட்டுத் தச்சர்களுக்குக் கைவருவதில்லை.

வாளில் நம்பிக்கை இல்லாதவர்களுக்கு, காலின் அடியில் திருகி ஏற்றி இறக்கிக்கொள்ளும் குமிழ்கள் ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கின்றன. தேவை நாலு. ஐந்தாக வாங்குங்கள்; ஒன்று பீரோவுக்கடியில் உருண்டு போகும்.